செங்கல் இல்லாமல் கோயில் கட்டலாம். மருந்து இல்லாமல் வைத்தியம் நடக்குமா?

இப்போது ஒரு புது உபதேசம் கிளம்பியிருக்கிறது. "உன் நோயை நீயே நிர்வகித்துக்கொள்!" என்பதுதான் அது.

ஆஸ்துமாவால் அவதிப்படும் பிள்ளைகளுக்கு, அதிலும் பட்டணத்தில் பள்ளிக்கூடம் போகிற 13 முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு, செல்போன் மூலமாகவே பாடம் நடத்திவிடலாம் என்கிறார்கள். எதனால் இழுப்பு வருகிறது, எந்த மருந்தை எப்போது இழுக்க வேண்டும், எதை விட்டு விலகியிருக்க வேண்டும் என்பதையெல்லாம் படமாகவும் கேள்வி பதிலாகவும் காட்டிவிடுவார்களாம். பிள்ளை அதைப் பார்த்துத் தெரிந்துகொண்டு தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுமாம். டாக்டருக்கு வேலை மிச்சம். ஆஸ்பத்திரிக்குச் செலவு மிச்சம்!

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. பாடம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. உழைக்கும் ஜனங்களுக்குக் கல்வி எதற்கு என்று கேட்டவர்கள் நாம் அல்ல. கேட்டவர்கள் யார் என்பது ஊருக்குத் தெரியும். நாம் கேட்பது வேறு. பாடத்தைப் படித்து முடித்த பிள்ளை, அந்தப் பாடத்தில் சொன்ன மருந்துக்கு எங்கே போகும்? அந்தப் பாடத்தில் சொன்ன சுத்தமான காற்றுக்கு எங்கே போகும்?

இதற்குப் பதில் சொல்லாத பாடம் ஏட்டுச் சுரைக்காய். கறிக்கு உதவாது.

ராஜாவின் பெருமையும் இவர்களின் பெருமையும்

செஞ்சிக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில் இருக்கிறது மண்டகப்பட்டு. எங்கள் ஊர்ப் பாறையில் பல்லவ ராஜா மகேந்திரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு குகைக்கோயில் குடைவித்தான். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. இவை எதுவுமில்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாக அங்கேயே கல்லில் வெட்டியும் வைத்தான். உளி பிடித்தவர்களின் பெயர் அதில் இல்லை. அது ராஜாக்களின் வழக்கம்.

ஆனால் அவனுக்கு ஒரு மலையாவது இருந்தது. டாக்டர் இல்லை, நர்ஸ் இல்லை, மருந்து இல்லை, சோதனைக் கருவி இல்லை; இவை எதுவுமில்லாமல் வைத்தியம் நடத்துவோம் என்று இன்று கிளம்பியிருப்பவர்களிடம் என்ன இருக்கிறது? ஒரு செல்போன்! அதுவும் நம் கூலிக் காசில் நாம் வாங்கியது!

பட்டணத்துப் பிள்ளைகளைப் பற்றி மண்டகப்பட்டுக்காரர்களுக்கு என்ன கவலை என்று சிலர் கேட்கலாம். அந்தப் பிள்ளைகள் யார்? ஏர் ஓட்டியும் நாற்று நட்டும் வயிறு நிறையாமல் விழுப்புரம் ஜில்லாவிலிருந்து மூட்டை கட்டிக்கொண்டு போன விவசாயக் கூலிகளின் பிள்ளைகள். சென்னையில் கட்டட வேலைக்கும், மணலி எண்ணூர் ஆலைகளில் ஒப்பந்தக் கூலிக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கும் போனவர்களின் பிள்ளைகள். அவர்கள் நம் அண்ணன் மகன்; நம் தங்கை மகள். பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது இரவெல்லாம் உட்கார்ந்துகொண்டே மூச்சு வாங்குகிறார்கள். ஆகவே இது நம் பிரச்னை.

நோய் என்ன, மருந்து என்ன?

ஆஸ்துமா முன்ஜன்மப் பாவமல்ல. தொத்து வியாதியுமல்ல. மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கிக் கிடக்கிறது. தூசியோ, புகையோ, சளிக்காய்ச்சலோ தாக்கியதும் குழாயைச் சுற்றியுள்ள தசை இறுகிக்கொள்கிறது. உள்ளே சளி அடைக்கிறது. கொல்லன் துருத்தியின் வாயில் துணியை அடைத்தால் என்ன ஆகும்? அதுதான் நெஞ்சுக்குள் நடக்கிறது. உள்ளே போன காற்று வெளியே வர வழியில்லாமல் விசில் போல் சத்தம் எழுப்புகிறது. அதைத்தான் இழுப்பு என்கிறோம், வீசிங் என்கிறோம்.

இதற்கு இரண்டு வகை மருந்துகள் உண்டு. முதல் வகை, இறுகிய தசையை உடனே தளர்த்துவது. சால்பியூட்டமால் இந்த வகை. சில நிமிஷங்களில் மூச்சு திரும்பும். சில மணி நேரத்தில் அதன் வேலை முடிந்துவிடும். இரண்டாவது வகை, குழாயின் வீக்கத்தையே வற்ற வைப்பது. பியூடிசோனைடு, பெக்ளோமெத்தசோன் ஆகியவை இந்த வகை. இழுத்தவுடன் சுகம் தெரியாது. தினந்தோறும் இழுத்து வந்தால் நாளடைவில் நோய் அடங்கும். முதல் மருந்து பற்றிய தீயை அணைக்கும் தண்ணீர். இரண்டாவது மருந்து, தீயே பிடிக்காமல் வைக்கும் ஓட்டுக்கூரை.

தண்ணீரை மட்டும் நம்பி எத்தனை நாள் கூரை வீட்டில் குடியிருப்பது? 12 வயதும் அதற்கு மேலும் ஆன ஆஸ்துமாக்காரர்களுக்கு முதல் வகை மருந்தை மட்டும் கொடுத்து வைத்தியம் செய்யக்கூடாது, வீக்கத்தை அடக்கும் மருந்தும் கட்டாயம் சேர வேண்டும் என்று 2019ல் உலக ஆஸ்துமா நிபுணர் குழுவே அறிவித்துவிட்டது. முதல் வகையை மட்டும் திரும்பத் திரும்ப இழுப்பவர்களுக்கு உயிராபத்து அதிகம் என்பதே அதற்குக் காரணம்.

செல்போன் பாடம் இதைச் சொல்லட்டும். நிச்சயம் சொல்லட்டும். ஆனால் இரண்டாவது மருந்தைப் பிள்ளையின் கையில் வைத்துவிட்டுச் சொல்லட்டும்!

டெட்ராய்ட் நகரத்தின் பாடம்

செல்போன் பாடக்காரர்கள் அமெரிக்காவைக் காட்டுவார்கள். சரி, நாமும் அமெரிக்காவையே பார்ப்போம்.

டெட்ராய்ட் என்பது மோட்டார் தொழிலாளிகளின் நகரம். ஆலைகள் மூடப்பட்டு, வேலை போய், நொந்து கிடக்கும் நகரம். அங்கே கறுப்பின மக்களின் பிள்ளைகளை ஆஸ்துமா பிடித்து ஆட்டுகிறது. கிறிஸ்டின் ஜோசப் என்ற ஆராய்ச்சியாளரும் அவரது குழுவினரும் அந்த நகரத்தின் ஆறு உயர்நிலைப் பள்ளிகளில் 314 மாணவர்களை வைத்து, கம்ப்யூட்டர் மூலம் ஆஸ்துமாப் பாடம் நடத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு பிள்ளையின் பழக்கத்தையும் கேட்டறிந்து அதற்கேற்பப் பாடம் அமைந்தது. முடிவு 2007ல் வெளிவந்தது. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது, பாடம் கேட்ட பிள்ளைகளுக்கு இழுப்பு வந்த நாட்களும், தூக்கம் கெட்ட இரவுகளும், பள்ளிக்குப் போகாத நாட்களும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன.

பாடம் பலன் தரும் என்பதற்கு இது நல்ல சாட்சி. நாம் அதை மறைக்கவில்லை. ஆனால் நம் ஊர் உபதேசிகள் மறைக்கும் சில விஷயங்கள் அதில் உண்டு. அந்தப் பாடம் நடந்தது பள்ளிக்கூடத்தில், பள்ளிக்கூடத்தின் கம்ப்யூட்டரில். அங்கே ஆஸ்துமா என்று டாக்டர் கண்டறிந்து பெயர் சொன்ன பிள்ளைகள் இருந்தார்கள். மருந்தோ டாக்டரோ கிடைக்காமல் திண்டாடும் பிள்ளைக்கு வழிகாட்ட ஒரு ஆளையும் நியமித்திருந்தார்கள். பாடத்துக்குப் பின்னால் ஒரு மனிதர் இருந்தார், தோழர்களே!

உலக ஆஸ்துமா தினத்தை நடத்துகிறவர்களே என்ன செய்தார்கள் பாருங்கள். 2024ல், ஆஸ்துமாக் கல்வி பலம் தரும் என்று முழக்கம் வைத்தார்கள். அடுத்த வருஷமே, 2025ல், இழுக்கும் மருந்து எல்லோருக்கும் எட்டும்படி செய்யுங்கள் என்று முழக்கத்தை மாற்றினார்கள். கல்வி மட்டும் போதாது, கையில் மருந்து வேண்டும் என்று அவர்களே சொல்லவேண்டியதாயிற்று!

இங்கே நோய்க்குப் பெயரே வைக்கவில்லை

நம் நாட்டின் நிலைமை என்ன? 2019ஆம் ஆண்டுக்கான உலக நோய்க் கணக்குப்படி இந்தியாவில் ஆஸ்துமாக்காரர்கள் சுமார் 3 கோடியே 43 லட்சம் பேர். அந்த ஒரு வருஷத்தில் உலகம் முழுவதும் ஆஸ்துமாவால் செத்தவர்கள் சுமார் 4 லட்சத்து 60 ஆயிரம் பேர். அவர்களில் இரண்டு லட்சத்துக்கு நெருக்கமானவர்கள் இந்தியர்கள்! உலக ஜனத்தொகையில் நாம் ஆறில் ஒரு பங்குக்குச் சற்று மேல். ஆஸ்துமாச் சாவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல்!

ஏன் இந்தக் கொடுமை? நம் பிள்ளைகளின் நெஞ்சு மட்டும் பலவீனமாகப் படைக்கப்பட்டதா? இல்லை. இந்தியாவின் பல நகரங்களில் 6-7 வயதுக் குழந்தைகள், 13-14 வயதுப் பிள்ளைகள், அவர்களின் பெற்றோர் ஆகியோரிடம் நடந்த ஆய்வு ஒன்று 2022ல் வெளிவந்தது. இழுப்பு இருந்தவர்களில் 82 சதவீதம் பேருக்கு அது ஆஸ்துமா என்று யாருமே கண்டறிந்து சொல்லவில்லை! கடுமையான அறிகுறிகளோடு தவித்தவர்களிலும் 70 சதவீதம் பேருக்குச் சொல்லவில்லை! இந்தப் பெயர் சூட்டப்படாத கூட்டத்தில் தினசரித் தடுப்பு மருந்து இழுத்தவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்கூட இல்லை.

நோய்க்குப் பெயரே தெரியாத பிள்ளை, செல்போனில் எந்தப் பெயரைப் போட்டுத் தேடும்?

அனுபவத்தில் நாம் காண்பது என்ன? நெஞ்சுச் சளி என்கிறார்கள். பூங்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார்கள். ஒரு பாட்டில் சிரப், ஒரு ஊசி. மறு வாரம் மறுபடியும். நடுராத்திரியில் ஆட்டோ பிடித்துத் தனியார் கிளினிக்குக்கு ஓடி, ஆவி மருந்து பிடித்துக்கொண்டு, மூன்று நாள் கூலியைக் கொட்டிவிட்டு வருகிறோம். பெண் பிள்ளையாக இருந்தால் இன்னும் மோசம். நாளைக்கு மாப்பிள்ளை கிடைக்காதே என்று பெற்றவர்களே பெயரை மூடி மறைக்கிறார்கள். சோதித்துப் பார்க்கும் கருவி என்ன, லட்ச ரூபாய் இயந்திரமா? ஊதிப் பார்க்கும் ஒரு சிறு பிளாஸ்டிக் குழாய்; பீக் ஃப்ளோ மீட்டர் என்பார்கள். மூச்சின் வேகத்தை முள் நகர்ந்து காட்டும். அது எத்தனை பள்ளிக்கூடங்களில் இருக்கிறது?

13 வயதுச் சிறுமி கேட்ட கேள்வி

இன்ஹேலர் எப்படிப் பிறந்தது தெரியுமா? 1955ல் அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்துக் கம்பெனித் தலைவரின் மகளுக்கு ஆஸ்துமா. அவளுக்கு வயது 13. அந்தக் காலத்தில் கண்ணாடிக் குமிழை அமுக்கி மருந்து இழுக்க வேண்டும்; அது உடையும், அளவு தவறும். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்பிரேயைப் போல் என் மருந்தையும் ஒரு டப்பாவில் அடைத்துக் கொடுக்க முடியாதா என்று அவள் தகப்பனிடம் கேட்டாள். அடுத்த வருஷமே, 1956ல், அளந்து அடிக்கும் இன்ஹேலர் கடைக்கு வந்துவிட்டது.

ஒரு கம்பெனித் தலைவரின் மகள் கேட்டாள். ஒரு வருஷத்தில் கிடைத்தது. நம் மகள்கள் கேட்டு எத்தனை வருஷம்? 1956ல் வந்த பொருள் இன்னும் நம் ஏழைப் பிள்ளைகளின் புத்தகப் பைக்குள் வந்து சேரவில்லையே! நாட்டில் இன்ஹேலர் செய்யத் தெரியாதா? உலகத்துக்கே மருந்துக்கடை நாங்கள்தான் என்று மார் தட்டுகிறார்கள். இந்தியக் கம்பெனிகள் செய்யும் இன்ஹேலர் கப்பலேறி அயல்நாடுகளுக்குப் போகிறது. சால்பியூட்டமால், பியூடிசோனைடு இரண்டுமே அத்தியாவசிய மருந்துகள் என்று மத்திய சர்க்காரே பட்டியல் போட்டிருக்கிறது. பட்டியலில் இருப்பது நெஞ்சுக்கு எட்ட வேண்டாமா?

இன்னொரு அக்கிரமத்தைப் பாருங்கள். 2024 அக்டோபரில் மத்திய சர்க்காரின் மருந்து விலை ஆணையம் எட்டு மருந்துகளின் உச்ச விலையை 50 சதவீதம் உயர்த்தியது. அதில் ஒன்று சால்பியூட்டமால்! 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் மாத்திரைகள். ஆவி பிடிக்கும் கருவியில் ஊற்றும் மருந்து. இன்ஹேலர் வாங்க வக்கில்லாத ஏழை எதை வாங்குகிறான்? அந்த மாத்திரையைத்தான்! பழைய விலையில் கம்பெனிகளுக்குக் கட்டுப்படியாகவில்லையாம். விலையை ஏற்றாவிட்டால் உற்பத்தியையே நிறுத்திவிடுவார்களாம். நமக்குக் கூலி கட்டுப்படியாகவில்லை என்று சொன்னால் எந்த ஆணையம் ஒரே உத்தரவில் பாதிக்குப் பாதி உயர்த்திக் கொடுத்தது?

பணம் இல்லை என்று சொல்வார்கள். வழி இல்லை என்று சொல்வார்கள். வழி இருக்கிறது! மருந்தை மொத்தமாகக் கொள்முதல் செய்து சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புவதற்கென்றே 1994ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்டது. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை வியாதிக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி ஜில்லாவில் தொடங்கியது. நல்ல திட்டம், வரவேற்கிறோம். பெரியவர்களின் மாத்திரை வீடு தேடி வரலாம் என்றால், பிள்ளைகளின் தடுப்பு இன்ஹேலர் பள்ளிக்கூடம் தேடி வரக்கூடாதா?

காற்றை யார் நிர்வகிப்பது?

பாடத்தின் அடுத்த அத்தியாயம்: "தூசியையும் புகையையும் தவிர்த்துக்கொள்." ஆஹா! எப்படித் தவிர்ப்பது?

எண்ணூரில் குடியிருக்கும் பிள்ளை எங்கே ஓடும்? ஒரு பக்கம் வடசென்னை, வல்லூர் அனல்மின் நிலையங்களின் சாம்பல். மறு பக்கம் மணலி ஆலைகளின் புகை. நடுவில் இரவு பகலாக ஓடும் லாரிகளின் டீசல். 2023 டிசம்பர் 26 இரவு, கடலுக்கடியில் போகும் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து பெரியகுப்பம் ஜனங்கள் மூச்சுத் திணறி ஓடினார்களே, அந்த இரவில் எந்தப் பாடத்தை எடுத்துப் பார்ப்பது?

வானூர் வட்டாரத்தில் கிரஷர் தூசிக்கு நடுவே குடியிருக்கும் பிள்ளை எங்கே ஓடும்? பஞ்சாலையில் வேலை செய்யும் இளம்பெண் எங்கே ஓடுவாள்? பஞ்சுத் தூசி நெஞ்சை இறுக்கும் என்பதும், வார விடுமுறை முடிந்து திங்கட்கிழமை மில்லுக்குள் நுழைந்தால் அந்த இறுக்கம் அதிகம் என்பதும் மில் தோழர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டமே பஞ்சுத் தூசி நோயைத் தொழில் நோய் என்று எழுதி வைத்திருந்தது. அப்படியிருந்தும் கோவை, திண்டுக்கல் வட்டாரங்களில் "சுமங்கலித் திட்டம்" என்று மங்களமாகப் பெயர் வைத்துப் பதின்வயதுப் பெண்களைத் தூசிக்குள் தள்ளியதை நாடு பார்த்தது.

சர்க்கார் காற்றை நிர்வகிக்கும் லட்சணம் என்ன? அனல்மின் நிலையப் புகையிலுள்ள கந்தக வாயுவைப் பிடிக்கும் கருவி பொருத்த வேண்டும் என்று 2015 டிசம்பரில் விதி போட்டார்கள். 2017க்குள் செய்யச் சொன்னார்கள். பிறகு தவணைக்கு மேல் தவணை. கடைசியில் 2025 ஜூலையில், நாட்டிலுள்ள யூனிட்டுகளில் சுமார் 78 சதவீதத்துக்கு அந்தக் கருவியே தேவையில்லை என்று விலக்குக் கொடுத்துவிட்டார்கள்! பெருநகரங்களை ஒட்டியுள்ளவற்றுக்கு 2027 டிசம்பர் வரை தவணை. உலக சுகாதார ஸ்தாபனம் 2021ல் நுண்தூசிக்கு வகுத்த ஆண்டு வரம்பு, ஒரு கன மீட்டர் காற்றில் 5 மைக்ரோகிராம். நம் சர்க்கார் 2009ல் வகுத்த வரம்பு 40. எட்டு மடங்கு! இந்தியப் பிள்ளைக்கு எட்டு நெஞ்சா இருக்கிறது?

முதலாளிக்குத் தவணை, பிள்ளைக்கு உபதேசம். இதுதான் இவர்களின் நியாயம்!

லண்டனில் எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற கறுப்பினச் சிறுமி, வாகனங்கள் நெரியும் சாலைக்கு அருகில் குடியிருந்தவள், 2013 பிப்ரவரியில் ஆஸ்துமாவால் செத்தாள். வயது 9. நல்ல ஆஸ்பத்திரிகள் பார்த்தன, மருந்து இருந்தது, ஆனாலும் செத்தாள். தாய் விடவில்லை. ஏழு வருஷம் போராடினாள். 2020 டிசம்பரில் விசாரணை அதிகாரி, அவள் சாவுக்குக் காற்றின் அசுத்தமும் காரணம் என்று பதிவு செய்தார். காற்றின் ஆபத்தை அந்தத் தாய்க்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை என்பதையும் குறிப்பிட்டார். ஆம், பாடம் வேண்டும். ஆனால் "இந்தப் புகை உன்னைக் கொல்கிறது, புகை விடுகிறவன் இவன்" என்று விரல் நீட்டிச் சொல்லும் பாடம் வேண்டும்!

ஒரு வீடு, ஒரு செல்போன்

செல்போன் பாடம் எவ்வளவு தூரம் போகும் என்பதை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2020லும் 2021லும் கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது படிப்பு முழுவதும் செல்போனுக்குள் போயிற்று. வீட்டுக்கு ஒரு செல்போன். அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். மூன்று பிள்ளைகள் இரவு வரை காத்திருப்பார்கள். அப்பா வந்தால் சார்ஜ் இருக்காது. சார்ஜ் இருந்தால் ரீசார்ஜ் இருக்காது. கடைசியில் சர்க்காரே என்ன செய்தது? 2021 அக்டோபரில் நம் விழுப்புரம் ஜில்லா மரக்காணம் அருகேதான் இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்கள். தெருத் தெருவாகத் தொண்டர்களை அமர்த்தி, பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். வாய்ப்பாட்டுக்கே எதிரில் ஒரு ஆள் தேவைப்பட்டது. மூச்சுக்கு வேண்டாமா?

இன்ஹேலரை இழுப்பது கைத்தொழில் மாதிரி. ஆட்டிவிட்டு, மூச்சை வெளியே விட்டு, அமுக்கும் அதே நேரத்தில் மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை மூச்சைப் பிடிக்க வேண்டும். தடுப்பு மருந்தென்றால் பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும். தறியில் நூல் முடிச்சுப் போடக் கற்றவர்களைக் கேளுங்கள். படம் பார்த்தா கற்றார்கள்? பக்கத்தில் நின்று ஒருவர் கையைத் திருத்தினால்தான் வரும். பிள்ளை தவறாக இழுத்தால் மருந்து தொண்டையிலேயே தங்கிவிடும். செல்போனுக்கு அது தெரியாது.

நாம் செய்ய வேண்டிய வேலை

சர்க்காரைக் கேட்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. நம் வீடுகளிலும் சில பழைய பயங்கள் குடியிருக்கின்றன.

இன்ஹேலர் பிடித்தால் ஆயுளுக்கும் விடாது என்கிறார்கள். தவறு. இன்ஹேலரில் போகும் மருந்தின் அளவு மிகச் சிறியது. நேரே நெஞ்சுக்குப் போகிறது. மாத்திரையும் ஊசியும்தான் உடம்பு முழுவதும் சுற்றுகின்றன. ஐதராபாத்தில் வருஷா வருஷம் ஜூன் மாதம் விரால் குஞ்சின் வாயில் மருந்து வைத்து விழுங்கக் கொடுக்கிறார்கள். ஜனங்கள் திரள்திரளாக வரிசையில் நிற்கிறார்கள். அந்த ஏழைகளைக் கேலி செய்ய நமக்கு மனம் வரவில்லை. மருந்து எட்டாத இடத்தில் மீன் எட்டுகிறது! ஆனால் மூச்சுக்குழாயின் வீக்கத்தை மீன் வற்ற வைக்காது என்று சொல்லவேண்டியது நம் கடமை.

மருந்து நேராக நெஞ்சுக்குப் போக இன்ஹேலரோடு ஒரு கூடு மாட்டுவார்கள். ஸ்பேசர் என்று பெயர். கடையில் வாங்க முடியாவிட்டால்? தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் டாக்டர்கள் 500 மில்லி குளிர்பான பிளாஸ்டிக் பாட்டிலின் அடியில் துளையிட்டு, இன்ஹேலரின் வாயைச் செருகி, பசையால் இடைவெளியை அடைத்து, பாட்டிலின் வாய்வழியாகக் குழந்தைகளை இழுக்க வைத்தார்கள். கடை ஸ்பேசரைப் போலவே வேலை செய்தது என்று 1999ல் வெளியிட்டார்கள். டாக்டரிடம் காட்டி, சரியாகச் செய்து பழகலாம். இதுவல்லவா பாடம்! ஏழையின் கைக்கு எட்டுவதைச் சொல்லும் பாடம்!

இன்னும் சில. பிள்ளை இருக்கும் வீட்டுக்குள் பீடி வேண்டாம். பேச்சு ஒரு வாக்கியம் முடிக்க முடியாமல் திணறினால், உதடு நீலம் பாய்ந்தால், மருந்து இழுத்தும் அடங்காவிட்டால், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

நம் கோரிக்கைகள்

1. ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இரண்டு வகை இன்ஹேலரும் ஸ்பேசரும் எந்நாளும் இலவசமாக இருக்க வேண்டும். இல்லை என்று ஒரு நாளும் திருப்பி அனுப்பக் கூடாது.

2. ஒவ்வொரு சர்க்கார் பள்ளியிலும் பீக் ஃப்ளோ மீட்டரும் அவசர இன்ஹேலரும் வைக்க வேண்டும். ஆண்டுதோறும் மூச்சுச் சோதனை நடத்தி, நோய்க்குப் பெயர் சொல்ல வேண்டும்.

3. செல்போன் பாடம் தமிழில் வரட்டும். பள்ளி நேரத்தில், பள்ளிக் கம்ப்யூட்டரில் நடக்கட்டும். பக்கத்தில் கையைத் திருத்த ஒரு சுகாதார ஊழியர் நிற்கட்டும். அவருக்கு உரிய சம்பளமும் கிடைக்கட்டும்.

4. சால்பியூட்டமால் விலை உயர்வை ரத்து செய்! தடுப்பு மருந்தை வீடு தேடிப் போகும் மருந்துப் பையில் சேர்!

5. அனல்மின் நிலையங்களுக்குக் கொடுத்த விலக்கை வாபஸ் வாங்கு! கிரஷர்களும் பஞ்சாலைகளும் தூசியை அடக்கும்படி செய்!

மே மாதத்து முதல் செவ்வாய்க்கிழமை உலக ஆஸ்துமா தினம். அதற்கு ஒட்டியே வருகிறது மே 1, நம் தினம். அன்று ஊர்தோறும் கிராம சபை கூடும். தோழர்களே, தாய்மார்களே! விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகள் முதல் இரண்டு கோரிக்கைகளையும் கிராம சபையில் தீர்மானமாக வையுங்கள். தீர்மானம் பதிவேட்டில் ஏறும் வரை எழுந்து போகாதீர்கள். மில் சங்கங்கள் ஷிப்டு வாரியாகக் கையெழுத்து வாங்குங்கள். உங்கள் ஊர் சுகாதார நிலையத்துக்கு நாலு பேராகப் போய், தடுப்பு இன்ஹேலர் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். அந்தக் காகிதங்களை எல்லாம் திரட்டிக்கொண்டு விழுப்புரம் கலெக்டர் ஆபீஸுக்குப் போவோம்.

படிக்க நம் பிள்ளைகள் தயார். மருந்தோடு வாருங்கள்!